வாகைக்குளத்திலிருந்து வடக்கே

ஒரு பள்ளிக்கூட உலக உருண்டை, ஒரு முழம் தையல் நூல். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய சாமான் அவ்வளவுதான். நூலின் ஒரு நுனியை, தாமிரபரணி கடலில் கலக்கும் தென்கோடியில் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். மறுநுனியைக் கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ மேல் வைத்து, தொய்வில்லாமல் இழுக்க வேண்டும்.

நூல் எந்தப் பக்கம் போகும்?

பாளையங்கோட்டையில் பேரனை அமெரிக்காவுக்கு அனுப்பும் வீடுகளில் இந்தக் கேள்வி எப்படியும் ஒருமுறை வந்துவிடும். “மேக்கால போவியாலே, கெழக்கால போவியா?” என்று ஆச்சி கேட்பாள். பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் பேரன், “வடக்கால போகணும் ஆச்சி” என்பான். “அது என்னலே, காசிக்குப் போற வழியிலயா அமெரிக்கா இருக்கு?”

ஆச்சி கேலியாகக் கேட்டாலும் கிட்டத்தட்ட உண்மை அதுதான். தூத்துக்குடி விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் பொதுவானது. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய கோட்டைக் கணக்கிட்டால், அது வடதிசையிலிருந்து வெறும் 21 டிகிரி கிழக்கே சாய்ந்து கிளம்புகிறது. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் இடையே நுழைகிறது. காஞ்சிபுரத்தை ஒட்டிப் போகிறது. காசிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் கிழக்கே, பாட்னாவின் தலைக்கு மேல் கங்கையைத் தாண்டுகிறது. எவரெஸ்ட் சிகரத்தைச் சுமார் 50 கிலோமீட்டர் வலப்புறம் விட்டுவிட்டுத் திபெத்துக்குள் போகிறது. பிறகு மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்குப் புறம், சைபீரியா. கோலிமா ஆறு ஆர்க்டிக் கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 69 டிகிரி வட அட்சரேகையில் உச்சத்தைத் தொட்ட பின்னர்தான் கோடு தெற்கே இறங்கத் தொடங்குகிறது. அலாஸ்காவைக் கடந்து கலிபோர்னியாக் கரைக்கு வந்து சேர்கிறது. மொத்தம் ஏறத்தாழ 14,440 கிலோமீட்டர்.

சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஸ்கேல் வைத்துக் கிழக்கு நோக்கிக் கோடு போட்டால், சீனக் கடல், பசிபிக் என்று பெரும்பாலும் தண்ணீராகவே போகும். பார்வைக்கு அதுதான் நேர்வழி. ஆனால் அந்தக் கோட்டின் உண்மையான நீளம் ஏறத்தாழ 16,400 கிலோமீட்டர். இரண்டாயிரம் கிலோமீட்டர் வீண் சுற்று. ஜெட் விமானத்துக்கு அது இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பறப்பு.

காரணம் எளிது. உருண்டையின் தோலை உரித்துச் சுவரில் அறைந்தால் எங்காவது இழுபடத்தான் செய்யும். திருநெல்வேலியின் அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு இடையே உள்ள அகலம் 110 கிலோமீட்டர். அதே ஒரு டிகிரி, கோலிமா முகத்துவாரப் பக்கம் 40 கிலோமீட்டர்தான். சுவர்ப்படம் இரண்டையும் ஒரே அகலத்தில் காட்டுகிறது. வாகைக்குளத்துக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே 160 டிகிரியைக் கடந்தாக வேண்டும். அதைப் பூமியின் இடுப்பில் கடப்பதைவிடத் தலைப்பக்கம் ஏறிக் கடந்தால் மிச்சம். ஒரு பெரிய தெப்பக்குளத்தை வெளிவட்டத்தில் சுற்றுகிறவனும் கரையோரமாகச் சுற்றுகிறவனும் நடக்கும் தூரத்துக்கு உள்ள வித்தியாசம் மாதிரிதான். உருண்டையின் மையத்தையும் இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். இழுத்துப் பிடித்த நூல் தானாகவே அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கோடு எவரெஸ்டுக்குப் பக்கத்தில் போவது தற்செயல்தான். ஆனாலும் சுவையான தற்செயல். பூமியின் அளவு என்ன, ஒரு டிகிரிக்கு எத்தனை மைல் என்ற கேள்விக்கு விடை தேடிய வேலையில் ஒரு பகுதி, இதே தாமிரபரணிச் சமவெளியில் நடந்தது. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தன் பெரிய நில அளவையைத் தொடங்கினார் வில்லியம் லாம்ப்டன். ஒரு பக்கத்தின் நீளம் துல்லியமாகத் தெரிந்தால் போதும். மிச்சமெல்லாம் கோணங்களை அளந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அடுக்க அடுக்கப் பிழையும் சேரும். அதனால் அங்கங்கே தரையில் மறுபடி ஓர் அடிக்கோட்டை அளந்து சரிபார்க்க வேண்டும். அப்படிச் சரிபார்த்த இடங்களில் ஒன்று பாளையங்கோட்டை. ஆண்டு 1809. தென்முனையில் குமரிக்கு அருகிலிருந்து வடக்கே நீண்ட அவருடைய அளவைக் கோடு, திருநெல்வேலியின் தீர்க்கரேகையை ஒட்டியே போகிறது.

அதற்கு முந்திய ஆண்டு தஞ்சாவூரில் நடந்த விபத்து, நில அளவை வரலாற்றில் பேர்பெற்றது. அரை டன் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு விட்டுப்போய், கருவி சுவரில் மோதி நசுங்கியது. இன்னொன்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டுமே என்று லாம்ப்டன் உட்கார்ந்துவிடவில்லை. கருவியைக் கழற்றி, நெளிவெடுத்து, ஆறு வாரத்தில் மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். இந்தப் பொறுமைக்குப் பின்னர்தான் பாளையங்கோட்டை அளவு வந்தது.

1823-ல் லாம்ப்டன் இறந்ததும் பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவருடைய அலுவலகத்தில் 1831-ல் கணக்காளராகச் சேர்ந்த வங்காள இளைஞர் ராதாநாத் சிக்தார். கோளத்தின் மேல் வரைந்த முக்கோணங்களைக் கணக்கிடும் வித்தையில் கெட்டிக்காரர். இமயத்தின் பதினைந்தாம் எண் சிகரமே உலகின் உயரமான மலை என்ற முடிவு வந்தது அவருடைய கணக்கிலிருந்து. சிகரத்துக்குப் பெயர் மட்டும் மேலதிகாரியுடையது. வாகைக்குளத்திலிருந்து 14,440 கிலோமீட்டர் என்று மேலே சொன்ன எண்ணும், அவர் கையாண்ட அதே கோள முக்கோணக் கணக்கிலிருந்து வருவதுதான். இரண்டு ஊர்களின் அட்சரேகை, இடையே உள்ள தீர்க்கரேகை வித்தியாசம், கொஞ்சம் சைன், கொசைன். அன்று காகிதத்தில் மணிக்கணக்காகப் போட்டதை இன்று கைப்பேசி கண்ணிமைக்குள் போடுகிறது.

சிறிய தூரத்துக்கு அதுகூட வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிதாகரஸ் போதும். வாகைக்குளத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் அட்சரேகையில் 4.27 டிகிரி வித்தியாசம். டிகிரிக்கு 110.6 கிலோமீட்டர் என்றால் வடக்கே 472. தீர்க்கரேகையில் 2.145 டிகிரி, இந்தப் பகுதியில் டிகிரிக்கு 109.3 என்று கொண்டால் கிழக்கே 234. இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 527 கிலோமீட்டர். ரயிலில் திருநெல்வேலியிலிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ 650. தண்டவாளம் மதுரையையும் திருச்சியையும் விசாரித்துவிட்டு அல்லவா போக வேண்டியிருக்கிறது!

தூரம் கிடைத்துவிட்டது. வேகத்தால் வகுத்தால் நேரமும் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

வாகைக்குளம் விமான நிலையம் 1992-ல் திறக்கப்பட்டது. நெடுங்காலம் அதன் ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர். அதில் ஏடிஆர் போன்ற சுழல்விசிறி விமானங்கள்தான் இறங்க முடியும். எழுபது சொச்சம் பேர், மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 527-ஐ 500-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரமும் மூன்று நிமிடமும். கால அட்டவணையிலோ ஒன்றரை மணி நேரம் போட்டிருப்பார்கள். மிச்சம் இருபத்தைந்து, முப்பது நிமிடம் எங்கே போனது? சென்னையில் விமானம் நின்ற இடத்திலிருந்து ஓடுபாதைக்கு உருண்டு வரும் நேரம், முன்னால் நிற்கும் விமானங்கள், மெதுவாக மேலேறும் நேரம், இறங்குமுன் ஓடுபாதைக்கு நேராக வந்து சேரப் போடும் சுற்று. சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும் வரை உள்ளதைத்தான் விமானக்காரர்கள் பயண நேரம் என்பார்கள். பயணச்சீட்டில் அச்சாவதும் அதுதான்.

2025 ஜூலை 26 அன்று பிரதமர் மோடி புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டது. ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானங்களுக்கு இது தாராளம். ஓடுபாதையின் நீளத்துக்கும் பயண நேரத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இறக்கை காற்றைக் கீழே தள்ளித்தான் விமானத்தைத் தூக்குகிறது. கனமான விமானத்துக்கு அதிக வேகம் வேண்டும். அந்த வேகத்தை எட்ட அதிகத் தரை வேண்டும். சித்திரை வெயிலில் காற்று சூடேறி மெலியும்போது இன்னும் கூடுதலாக வேண்டும். குட்டையான ஓடுபாதை, சிறிய விமானம், குறைந்த எரிபொருள், குறைந்த எட்டுதூரம் என்று அது ஒரு சங்கிலி. தூரதேசம் போகிற திருநெல்வேலிக்காரர் சென்னையிலோ மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ போய் ஏற வேண்டியிருந்ததற்கு அந்தச் சங்கிலியும் ஒரு காரணம்.

ஆனால் ஜெட் வந்தால் சென்னைக்குப் பாதி நேரம் என்று நம்பிவிடக் கூடாது. மணிக்கு 830 கிலோமீட்டர் என்பது மேலே ஏறி முடித்த பிறகு வரும் வேகம். 527 கிலோமீட்டரில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பங்கைத் தின்றுவிடும். மிச்சமாவது கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். ஊரிலிருந்து வாகைக்குளம் போக முக்கால் மணி, அங்கே சோதனைகளுக்கு ஒன்றரை மணி, மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் போக ஒரு மணி. கூட்டிப் பார்த்தால் 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலின் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தோடு ஒப்பிட, விமானத்தின் லாபம் மூன்று மணி சொச்சம்தான். இருட்டுக்கடை திறக்கும் சாயங்காலம் வரை காத்திருந்து சூடாக அல்வா வாங்கிக்கொண்டு போகிறவருக்கோ, இரவில் கிளம்பும் நெல்லை எக்ஸ்பிரஸ் தோதான வண்டி. தூங்கி எழுந்தால் எழும்பூர். அந்தத் தூக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

காற்று இன்னொரு பங்காளி. வாகைக்குளத்து ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் தென்மேற்குப் பருவக்காற்றைப் புனல் மாதிரி குவித்து இந்தப் பக்கம் ஊதுகின்றன. முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் காடாக நிற்பது அதனால்தான். இறங்கும் விமானம் எதிர்காற்றில் இறங்கவே விரும்பும். தரையைத் தொடும் வேகம் குறையும். மேற்கு நோக்கி, தொலைவில் பொதிகை தெரியும் திசையில் மூக்கை வைத்து இறங்கினால் காற்று முகத்தில் அடிக்கும்.

மேலே பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கதை தலைகீழ். அதே பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து மேற்கே பாயும் ஒரு காற்றோட்டம் உண்டு. வெப்பமண்டலக் கீழை ஜெட் என்று இதை 1950-களில் அடையாளம் காட்டியவர் இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம். வடக்கே போகப் போக, குறிப்பாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றுகள் ஆட்சி செய்யும். மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் திருவனந்தபுரம் வழியாக வளைகுடாவுக்குப் போய்வருகிறவர்களுக்கு இது அனுபவப்பாடம். திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் இடையே ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும்; போகும்போது ஆனதைவிடக் குறைந்த நேரத்தில் வந்துவிடலாம். ஊருக்கு வருகிற ஆசையால்தான் நேரம் குறைவாகத் தெரிகிறது என்று சொல்வாருண்டு. அதையும் மறுப்பதற்கில்லை.

காற்றுக்காகத் தூரத்தைக் கூட்டிக்கொள்வதும் உண்டு. 2021 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் இடைநில்லா முதல் விமானம் கிளம்பியது. ஸோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அறையில் இருந்த எல்லாரும் பெண்கள். தூரம் 13,993 கிலோமீட்டர் என்று செய்திகளில் வந்தது. கோளக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அது இரு நிலையங்களுக்கும் இடையே உள்ள பெருவட்ட நேர்தூரம். அந்த நேர்வழி 71 டிகிரி அட்சரேகைக்கு மேல் ஏறுவதே இல்லை. விமானமோ வடதுருவத்தின் மேலேயே பறந்தது. துருவத்தைத் தொட்டுப் போனால் குறைந்தது 370 கிலோமீட்டராவது அதிகம். மேற்கு நோக்கித் திரும்பும் விமானம் சில நூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தாலும், எதிர்காற்று குறைந்த வானத்தில் போனால் எரிபொருளும் நேரமும் மிச்சம். விமானத்துக்குக் குறுக்குவழி என்பது தரையில் அளந்த குறுக்குவழி அல்ல, காற்றில் அளந்தது. வழி திட்டமிடுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் வானிலைப் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு நாளும் புதுக்கோடு போடுகிறார்கள்.

அந்தக் கோடுகள் எந்த நாட்டின் மேல் போகின்றன என்பதும் சின்ன விஷயமில்லை. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் ஒன்று, எந்திரக் கோளாறால் ரஷ்யாவின் தூரக்கிழக்கு மூலையில் மகதான் நகரில் இறங்கியது. மாற்று விமானம் வரும் வரை பயணிகள் அந்தச் சிறிய ஊரின் விடுதிகளிலும் பள்ளிக்கூடத்திலும் தங்கினார்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டன. பூமி அன்றும் அதே உருண்டைதான், ஊர்களும் நகரவில்லை.

நேரத்தின் உச்சத்தைப் பார்க்கக் கடலின் அக்கரைக்குப் போனால் போதும். தூத்துக்குடிக் கரையிலிருந்து நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்குள் இருக்கிறது இலங்கையின் தென்கோடியில் உள்ள கொக்கல ஏரி. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பான் வசமானதும், ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த வான்வழி அறுந்தது. 1943-ல் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்திலிருந்து கொக்கலவுக்குக் கட்டலீனா நீர்விமானங்களை ஓட்டத் தொடங்கியது. 5,652 கிலோமீட்டர், நடுவில் நிறுத்தம் கிடையாது. எடுத்துக்கொண்ட நேரம் 27-லிருந்து 33 மணி. பயணிகள் அதிகபட்சம் மூன்றே பேர். எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியைப் பேசவிடவில்லை. நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதித்ததால் ‘இரட்டை உதயம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. இன்று சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானம்கூடப் பத்தொன்பது மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வழி காணும் விஷயத்தில் திருநெல்வேலிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஊர்க்காரர்களே பெரிதாகக் கண்டுகொள்ளாத சிறப்பு. பூமியின் காந்த நடுக்கோடு இந்த ஊருக்கு மிக அருகில் போகிறது. லண்டனில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால் அதன் வடமுனை தரையை நோக்கிக் கீழே குத்தும். திருநெல்வேலியில் ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும். விமானம் திரும்பும்போதும் வேகம் கூட்டும்போதும் திசைகாட்டி காட்டும் பொய்கள் அந்தச் சாய்வால் வருபவை; இங்கே அவை இல்லை என்றே சொல்லலாம். சிற்பத் தூண்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் இதுதான் காரணம். அங்கே அளக்கப்படுவனவற்றில் ஒன்று, பகலில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே கிழக்கு நோக்கிப் பாயும் ஒரு மின்னோட்டம். காந்த நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில்தான் அது ஓடும்.

இந்தச் சிறப்பில் ஒரு வில்லங்கமும் உண்டு. அந்தி சாய்ந்ததும் அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். அவற்றினூடே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை, கொதிக்கும் எண்ணெய்க்கு அப்பால் தெரியும் முகம் போல நடுங்கும். செயற்கைக்கோளை நம்பி இறங்கும் விமானத்துக்கு அந்த நடுக்கம் பிழையாக மாறும். இந்தியா ககன் என்ற திருத்த அமைப்பைக் கட்டியபோது மல்லுக்கட்ட வேண்டியிருந்தவற்றில் இந்தக் காந்த நடுக்கோட்டு வானம் முக்கியமானது. ஊசி இங்கே உண்மை பேசும். செயற்கைக்கோள் கொஞ்சம் திக்கும்.

பாளையங்கோட்டைப் பேரனுக்கு வருவோம். சனிக்கிழமை விடிகாலை நான்கு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். வாகைக்குளம், சென்னை, நடுவில் இன்னொரு நாட்டில் ஓரிரு நிலையங்களில் காத்திருப்பு. நேர்கோட்டில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 16 மணி நேரத்தில் முடிய வேண்டியது, வாசலிலிருந்து வாசல் வரை 28 மணி நேரமாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ கடிகாரம் நம்முடையதைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். பாளையங்கோட்டையில் ஞாயிறு காலை எட்டு மணி. ஆச்சி காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள். கைப்பேசி அடிக்கிறது.

“வந்து சேர்ந்துட்டேன் ஆச்சி. இங்க சனிக்கிழம சாயங்காலம் ஆறரை மணி.”

“ஒரு நா முழுக்கப் பறந்தும், நீ கெளம்புன கெழம இன்னும் அங்க முடியலியாலே?”